16 அடிக் கனூவும் ஒன்பது உடைந்த வங்குகளும்

ஒன்ராறியோவின் கவார்த்தா ஏரிப் பக்கத்துக் கோடை வீடு ஒன்றின் பின்னால், நேரே மண்ணில் கவிழ்த்துப் போடப்பட்டிருந்த 16 அடி மரக் கனூவை, அதாவது துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய படகை, 2023 ஒக்டோபரில் வாங்கினேன். விற்றவர் ஒரு பூச்சு பெயின்ற் அடித்தால் போதும் என்றார். தூக்குவதற்காக நானும் மகனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபோது, என் பக்கத்து முனையில் இருந்த விளிம்புச் சட்டம் நனைந்த ரஸ்க் போல விரல்களுக்கிடையே உதிர்ந்தது. அப்போதே விலையைக் குறைத்துக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தபோது தெரிந்த சிடார் மரத்தின் தேன் நிறம் வாயை அடைத்துவிட்டது.

ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜில் அதைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் இரண்டு வாரம் பார்த்த பிறகுதான் வேலையின் அளவு விளங்கியது. படகின் குறுக்கே விலா எலும்பு போல வளைந்து நிற்கும் மரக் கீற்றுகளை வங்கு என்று சொல்கிறோம் அல்லவா, அப்படிப்பட்ட வங்குகள் இதில் 47 இருந்தன. அவற்றில் ஒன்பது முறிந்திருந்தன. இரு முனைகளிலும் விளிம்புச் சட்டங்களின் நுனி, முனையை மூடும் முக்கோணத் தட்டு, முனையை உருவாக்கும் வளைகட்டையின் உச்சி ஆகிய மூன்றும் உக்கியிருந்தன. வெளியே சுற்றியிருந்த பச்சை நிறக் கான்வஸ் துணி பல இடங்களில் வெடித்து, உள்ளிருந்த பலகையை விட்டுக் கழன்றிருந்தது.

இந்த வகைக் கனூவின் கட்டுமானத்தை முதலில் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் திருத்த வேலையின் ஒழுங்கு அதிலிருந்தே வருகிறது. வெள்ளை சிடாரில் சீவிய வங்குகள் 5/16 அங்குலத் தடிப்பும் 2 3/8 அங்குல அகலமும் கொண்டவை. அவற்றின் மேல் நீளவாக்கில் அறையப்படும் சிடார் பலகைகளோ வெறும் 5/32 அங்குலம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவாதுதான், ஆனால் கையில் எடுத்தால் ஊடுருவிவிடும் என்றே தோன்றும். எங்கள் ஊர் வள்ளத்தில் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து அடைப்பதால் பலகையே தண்ணீரைத் தடுக்கிறது. இதில் அப்படி இல்லை. பலகைகளுக்கு இடையே நூலளவு இடைவெளி இருந்தாலும் குற்றமில்லை, தண்ணீரைத் தடுப்பது வெளியே இழுத்துக் கட்டிய கான்வஸும் அதன் நெசவுக் கண்களை அடைக்கும் பூச்சும்தான். ஆகவே கான்வஸ் என்பது சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கழற்றி மாற்ற வேண்டிய தோல். அதைக் கழற்றும்போது மட்டுமே மரவேலையை ஒழுங்காகச் செய்ய முடியும்.

இந்தத் தோலுக்கு மூலம் பேர்ச் மரப்பட்டை. பெனோப்ஸ்கொற், வொலஸ்தொக்கியிக், அனிஷினாபே முதலான பழங்குடி மக்கள் பட்டையை நிலத்தில் விரித்து, விளிம்புச் சட்டத்தைப் பொருத்தி, தோலை முதலில் உருவாக்கிய பின்பே மென்பலகைகளையும் வங்குகளையும் உள்ளே இறுக்கிச் செருகினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் படகு கட்டியவர்கள் பட்டைக்குப் பதிலாகக் கான்வஸைப் போட்டபோது, இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினார்கள். கெட்டியான மர அச்சு ஒன்றின் மேல் வங்குகளை வளைத்து, அதன் மேல் பலகையை அறைந்து, கடைசியில் தோலைப் போட்டார்கள். அச்சின் மேல் ஒவ்வொரு வங்கு வரும் இடத்திலும் ஓர் இரும்புப் பட்டை இருக்கும். வெளியிலிருந்து அறையும் பித்தளை ஆணியின் நுனி அந்த இரும்பில் முட்டி, கொக்கி போல வளைந்து மீண்டும் மரத்துக்குள்ளேயே ஏறிவிடும். பசையே இல்லாமல் இந்தப் படகு ஒன்றாக நிற்பது அந்தக் கொக்கிகளால்தான்.

என்னுடையதை யார் கட்டினார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மெயினில் உள்ள ஓல்ட் ரவுன் நிறுவனத்தின் படகாக இருந்தால் உள்ளே வளைகட்டையில் வரிசை எண் பொறித்திருப்பார்கள். இதில் எதுவும் இல்லை. நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் ஃப்ரெடெரிக்டனில் இருந்த செஸ்ற்நட் நிறுவனத்தின் சாயல் இதில் தெரிகிறது, ஆனால் செஸ்ற்நட்டும் பீற்றர்பரோ கனூ நிறுவனமும் 1920களில் ஒரே தாய் நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டவை என்பதால் சாயலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது கடினம். பீற்றர்பரோவின் தொழிற்சாலை 1960களின் தொடக்கத்திலும் செஸ்ற்நட் 1970களின் கடைசியிலும் மூடப்பட்டன. எப்படிப் பார்த்தாலும் இந்தப் படகுக்கு என் வயதாவது இருக்கும்.

கழற்றும் வேலையை மகன்தான் ஆவலோடு தொடங்கினான், நான்தான் தடுத்தேன். பழைய பெயின்றிலும், அதைவிட அதிகமாகப் பழைய கான்வஸின் நிரப்புப் பூச்சிலும் ஈயம் இருப்பது வழக்கம். அந்தக் காலத்துப் பூச்சில் வெள்ளை ஈயமும் சேர்த்தார்கள். ஆகவே எதையும் உலர்வாகத் தேய்க்காமல், முகக்கவசம் போட்டு, கீழே பிளாஸ்டிக் விரிப்பு விரித்து, கான்வஸை முழுத் துண்டாகவே உரித்துச் சுருட்டி மாநகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுத்தோம். வெளி விளிம்புச் சட்டத்தைக் கழற்றினோம். உள் விளிம்புச் சட்டத்தையும் குறுக்குச் சட்டங்களையும் மட்டும் தொடவில்லை. அவற்றையும் எடுத்துவிட்டால் ஓடு வாழையிலை போல விரிந்து, பிறகு எந்த வடிவுக்கு அதைத் திருப்புவது என்பதே தெரியாமல் போய்விடும். அச்சு நம்மிடம் இல்லாத நிலையில், படகின் வடிவம் எழுதி வைக்கப்பட்டிருக்கும் ஒரே இடம் அதன் பழைய மரம்தான்.

உக்கிய முனைகளில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். முன்முனையான அணியம், பின்முனையான கடையார் இரண்டும் கனூவில் ஒரே மாதிரிதான், ஆனால் என் படகில் ஒன்று மற்றதைவிட அதிகம் அழிந்திருந்தது. நல்ல முனையிலிருந்து வளைவை அட்டையில் படி எடுத்து, அதைத் திருப்பிப் போட்டு மறுமுனைக்கு அளவாக்கினேன். விளிம்புச் சட்டத்தில் உறுதியான மரம் வரும் வரை வெட்டிக்கொண்டு போனபோது ஒரு பக்கம் 14 அங்குலமும் மற்றப் பக்கம் 19 அங்குலமும் போயின. பழைய நுனியையும் புதிய துண்டையும் தடிப்பைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சரித்துச் சீவி, எப்பொக்சியால் ஒட்டினேன். பழைய சட்டம் ஸ்புரூஸ், நான் வைத்ததும் ஸ்புரூஸ்தான், ஆனாலும் புது மரத்தின் வெளுப்பை எந்தச் சாயத்தாலும் முழுதாக மறைக்க முடியவில்லை. இப்போது அது எனக்கு உறுத்துவதில்லை.

வங்குகளில்தான் ஒரு மாதம் வீணானது. மரக்கடையில் சிடார் கேட்டபோது அழகான, கணுவே இல்லாத பலகை கிடைத்தது. அதை 5/16 அங்குலத்துக்குச் சீவி, விளிம்புகளை மழுக்கி, நீராவிப் பெட்டியில் வைத்தேன். பெட்டி என்றால் ஒட்டுப்பலகையில் அடித்த ஆறடி நீளக் கூடு. ஒரு முனையில் தண்ணீர் கொதிக்கும் கேத்தலின் குழாய், மறுமுனையில் பழைய துவாயை அடைத்த கதவு. தடிப்பு ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்பது பொதுக் கணக்கு, அதன்படி 20 நிமிடம் போதும். நான் 30 நிமிடம் வைத்தேன். முதல் வங்கு முறிந்தது, இரண்டாவதும் முறிந்தது. நான்காவது முறிந்தபோது முறிவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்: நீளமான நார் பிய்ந்த முறிவாக இல்லாமல், பிஸ்கற் உடைந்தது போலக் குறுக்கே நறுக்கென்று இருந்தது. சூளையில் உலர்த்திய மரம் அது. நாரை நாரோடு பிணைக்கும் பொருள் அந்தச் சூட்டிலேயே இறுகிப் போயிருக்கும், பிறகு எவ்வளவு நீராவி கொடுத்தாலும் அது பழையபடி இளகாது. வங்குக்கு வேண்டியது காற்றில் மட்டும் உலர்ந்த, இன்னும் ஈரம் மிச்சமிருக்கும் மரம். பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒரு சிறு மர ஆலையில் அது கிடைத்தது. அங்கே பலகையை அழகு பார்த்து எடுக்காமல், ஓரத்தைப் பார்த்து, நார் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விலகாமல் ஓடுகிறதா என்று பார்த்து எடுத்தேன். சீவிய பட்டைகளை மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டேன்.

வளைப்பதற்கு அச்சாகப் படகையே வைத்துக்கொண்டோம். கான்வஸ் இல்லாத படகைக் கவிழ்த்து வைத்து, சூடான வங்கை அதன் வெளிப்புறத்தில் போட்டு, இருவர் இரு பக்கமும் இழுத்து விளிம்பில் கிளாம்ப் போட வேண்டும். ஆனால் உள்ளே பொருந்த வேண்டியதை வெளியே வளைத்தால், பலகையும் வங்கும் சேர்ந்த தடிப்பான ஏறத்தாழ அரை அங்குலத்தால் அது பெரிதாகிவிடும். அதனால் அந்த வங்கின் இடத்திலேயே வளைக்காமல், முனைப் பக்கமாக ஒரு வங்கு தள்ளி, ஓடு சற்று ஒடுங்கும் இடத்தில் வளைக்க வேண்டும். பெட்டியைத் திறந்ததிலிருந்து மரம் இணங்கி நிற்பது அரை நிமிடம்கூட இல்லை. மகன் ஒரு பக்கமும் நான் மறுபக்கமுமாக, தோல் கையுறையோடு, முதலில் நடுவை முழங்காலால் அழுத்தி, பிறகு இரு தோள்களையும் ஒரே வேகத்தில் கீழே கொண்டுவந்தோம். முதல் வங்கு சத்தமில்லாமல் வளைந்து, தன் இடம் அதுதான் என்பது போலப் படிந்தது. கராஜ் முழுவதும் ஈரச் சிடாரின் வாசனை. ஒன்பது வங்குக்குப் பதினொன்றை வளைத்தோம், ஒன்று மட்டும் முறிந்தது.

பழைய வங்கை எடுப்பதிலும் அவசரம் கூடாது. முழுதாக நெம்பினால், கொக்கியாக வளைந்த ஆணிகள் அந்த மெல்லிய பலகையையும் கிழித்துக்கொண்டு வரும். உளியால் வங்கைச் சிம்பு சிம்பாகப் பிளந்து, ஆணியை மட்டும் தனியே நிற்கவிட்டு, அதை நிமிர்த்தி வெளியே தட்டி எடுத்தேன். ஒரு நேரத்தில் ஒரு வங்கு மட்டும்தான். அடுத்தடுத்து மூன்று முறிந்திருந்த இடத்தில் நடுவில் இருந்ததை முதலில் மாற்றி, அது உலர்ந்த பின்பே மற்ற இரண்டையும் தொட்டேன். லேசாக விரிசல் விட்ட வேறு நான்கு வங்குகளை அப்படியே விட்டேன். அவற்றையும் மாற்றியிருந்தால் பார்வைக்கு நன்றாக இருந்திருக்கும், ஆனால் பழைய வங்கு ஒன்று போகும் ஒவ்வொரு முறையும் படகின் வளைவு கொஞ்சம் என் கணிப்புக்கு மாறுகிறது என்பதால் எனக்கு மனம் வரவில்லை.

ஆணி அறைவதற்கு மகள் உதவினாள். கவிழ்ந்த படகுக்குள் ஒரு சிறு முக்காலியில் உட்கார்ந்து, காதுக்கு மூடி போட்டுக்கொண்டு, உள்ளங்கையளவு இரும்புக் கட்டை ஒன்றை வங்கோடு அழுத்திப் பிடிப்பது அவள் வேலை. வெளியிலிருந்து 11/16 அங்குலப் பித்தளை ஆணியை அறைவது என் வேலை. முதல் இரண்டு அடியிலும் சத்தம் மந்தமாக, பலகையில் தட்டுவது போல இருக்கும். நுனி இரும்பைத் தொட்டதும் அது கணீரென்று மாறும். அடுத்த அடியில் மீண்டும் மந்தமாகும். அப்படியானால் நுனி திரும்பி மரத்துக்குள் போய்விட்டது என்று பொருள். அதற்கு மேல் அடித்தால் பலகையில் சுத்தியலின் பிறை வடிவத் தழும்புதான் மிஞ்சும். நான் கைக்கணக்கில் அடித்துக்கொண்டு போவேன். அவள் உள்ளே விரலால் தடவிப் பார்த்து, "அப்பா, இது திரும்பேல்லை" என்பாள். ஒரு வங்குக்கு 40 ஆணி வரை போனது. அவள் பிடித்ததில் நாலைந்து தவிர எல்லாம் சரியாகத் திரும்பின, நான் அறைந்ததில் பிறை விழாத இடம் குறைவு. சூடான தண்ணீரில் நனைத்த துணியை வைத்து, பல தழும்புகளை உப்பவைத்து மறைத்தேன்.

மரவேலை முடிந்ததும் உட்புறப் பழைய வார்னிஷை இரசாயனத்தால் கரைத்து எடுத்தோம். அது அலுப்பான, கை எரியும் வேலை என்பதைத் தவிர எழுதுவதற்கு ஒன்றுமில்லை. வெளிப்புறப் பலகை எலும்பு போல வரண்டிருந்ததால், காய்ச்சிய லின்சீட் எண்ணெயில் டர்ப்பன்டைன் கலந்து, மரம் குடிப்பதை நிறுத்தும் வரை பூசினோம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. அந்த எண்ணெய் உலரும்போதே வெப்பத்தை வெளியிடும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். நாங்கள் அவற்றைத் தண்ணீர் நிரப்பிய வாளியில் போட்டு வைத்தோம்.

இதற்கிடையே 2024 மே மாதம் பீற்றர்பரோவில் கனடியக் கனூ அருங்காட்சியகம் லிற்றில் ஏரிக் கரையில் உள்ள புதிய கட்டடத்தில் திறக்கப்பட்டது. 600க்கும் மேற்பட்ட படகுகள் கொண்ட சேகரிப்பு அது. நான் அங்கே இரண்டு மணி நேரமும் படகுகளின் முனைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன், ஏனென்றால் அடுத்து நான் கான்வஸை மடிக்க வேண்டிய இடம் அது. மனைவி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

கான்வஸுக்குப் பதிலாக ஃபைபர்கிளாஸ் போடச் சொன்னவர்கள் பலர். அது உறுதியானது, காத்திருக்கத் தேவையில்லாதது. ஆனால் மரம் ஈரத்துக்கு விரிந்து உலர்வுக்குச் சுருங்கும்போது அந்த ஓடு கூடவே அசையாது. உள்ளே புகுந்த ஈரம் வெளியேறவும் வழி இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த முறை ஒரு வங்கை மாற்ற வேண்டி வந்தால் அதை உரித்தெடுப்பவரின் சாபம் என்னைச் சேரும்.

பத்தாம் எண் பருத்திக் கான்வஸில் 19 அடி வாங்கினேன். அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து, இரு நுனிகளையும் மரச்சட்டங்களுக்கிடையே போல்ற் போட்டு இறுக்கி, ஒரு நுனியைப் பின்வளவு மேப்பிள் மரத்திலும் மறுநுனியை ஒரு கை வின்ச் மூலம் வேனின் கொக்கியிலும் கட்டினேன். இப்போது அது ஊஞ்சல் ஏணை போலத் தொங்கியது. அந்த ஏணைக்குள் படகை நிமிர்த்தி இறக்கி, உள்ளே மணல் மூட்டைகளை வைத்து அமர்த்தி, வின்ச்சைச் சுற்றினோம். துணி முறுகும் சத்தம் கேட்டது. கயிற்றுக் கட்டில் புதிதாக இறுக்கும்போது வரும் சத்தம் அது. பிறகு நடுவிலிருந்து தொடங்கி, அகல வாயுள்ள குறடால் துணியை மேலே இழுத்து, ஒவ்வொரு வங்குத் தலையிலும் இரண்டு ஆணி. இந்தப் பக்கம் ஒரு வங்கு, அந்தப் பக்கம் ஒரு வங்கு என்று மாறி மாறி முனையை நோக்கிப் போக வேண்டும். ஒரே பக்கமாகப் போனால் நெசவு கோணிக்கொள்ளும். முனையில் துணியைக் கீறி, ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து, வளைகட்டையில் அரை அங்குலத்துக்கு ஓர் ஆணி வீதம் அடித்தேன். ஒரு முனையில் கீறலை இரண்டு அங்குலம் அதிகமாக ஓடவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஒட்டுத் துண்டு போட வேண்டியதாயிற்று. கடைசியில், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு மயிரை எரிவாயுச் சுடரால் பொசுக்க வேண்டும். ஆறு மாத வேலையின் மேல் நெருப்பைக் காட்டும்போது கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. மகன் தண்ணீர்க் குழாயோடு நின்றான்.

நிரப்புப் பூச்சை நானே கலந்தேன்: லின்சீட் எண்ணெய், எண்ணெய் எனாமல், மினரல் ஸ்பிரிற், உலர்த்தி, இவற்றோடு மாவு போன்ற சிலிக்காப் பொடி. பழைய பூச்சில் இருந்த ஈயம் இதில் இல்லை. ஆனால் சிலிக்கா பொடியாக இருக்கும்போது அதை மூச்சில் இழுப்பதும் நல்லதல்ல. தூரிகையால் தடவி, கான்வஸ் துண்டால் செய்த கையுறையால் வட்டம் வட்டமாகத் தேய்த்து, நெசவுக் கண் மறையும் வரை மூன்று தடவை பூசினோம். அதன்பின் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது மட்டுமே. நான்கு முதல் ஆறு வாரம் வரை அது உள்ளேயும் உலர வேண்டும். இருபதாவது நாள் மேற்பரப்பு கல் போல இருப்பதாக எனக்குத் தோன்ற, ஓர் ஓரத்தில் இரண்டு கையளவு இடத்தில் பெயின்ற் அடித்துப் பார்த்தேன். மறுநாள் காலை அந்த இடம் ஆறிய பாலின் ஆடை போலச் சுருங்கியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, மீண்டும் நிரப்பி, முழுதாக ஆறு வாரம் காத்தேன்.

மற்றவை விரைவாக நடந்தன. எண்ணெய் எனாமல் நான்கு பூச்சு, இடையிடையே ஈர அரத்தாள். ஆஷ் மரத்தில் புதிய வெளி விளிம்புச் சட்டம். இருக்கைகள் இரண்டுக்கும் பிரம்பு பின்னல். அதை மட்டும் எந்தக் குறிப்பும் பார்க்காமல் என் மாமியார் மூன்று மாலைகளில் பின்னிக் கொடுத்தார். முனைகளில் தரை உரசாமல் இருக்கப் பித்தளைப் பட்டி.

ஓகஸ்ட் கடைசியில் ஏரிக்குக் கொண்டுபோனோம். தராசில் 76 இறாத்தல். ஒரு மணி நேரம் வலித்துவிட்டுக் கரைக்கு வந்து பார்த்தபோது, அணியத்துக்குப் பின்னால், மூன்றாவது வங்கின் அடியில் இரண்டு தேக்கரண்டியளவு தண்ணீர் நின்றது. கான்வஸை விரலால் தடவிக்கொண்டே போனேன், எங்கும் ஓட்டையில்லை. பித்தளைப் பட்டியின் நான்காவது திருகாணியைச் சுற்றித்தான் ஈரம் இருந்தது. மற்றவற்றுக்கெல்லாம் பூசிய அடைப்புக் களிம்பை, பேச்சுவாக்கில் அந்த ஒன்றுக்கு மட்டும் பூசாமல் விட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றி, ஓட்டையை இரண்டு நாள் உலரவிட்டு, களிம்பு பூசித் திருப்பி முடுக்கினேன். இப்போது படகு கராஜ் கூரையில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், இரண்டு பட்டிகளில் கவிழ்ந்து தொங்குகிறது. காரை வெளியே நிறுத்த வேண்டியதாகிவிட்டது.